வெள்ளத்திற்குப் பிறகு எங்கள் ஆலயத்திற்கு வந்தவர்கள்

தாமிரபரணிக் கரையிலுள்ள சிறிய கிறிஸ்தவ சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பிரிவு) ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக மூப்பராக, அதாவது சபைப் பெரியவராக இருக்கிறேன். ஆண்டுதோறும் சந்தையில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்போம். தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கிப்போம். அதன் வழியாக ஒருவர்கூட ஆலயத்திற்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. கடலை விற்பவர் அந்தத் தாளில் பொட்டலம் மடித்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டமே நீரில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. எங்கள் ஆலயம் மேட்டில் இருந்ததால் சுற்றுத் தெருக்காரர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அசனத்திற்கென்று (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) வைத்திருந்த அண்டாக்களும், அவற்றில் சமைத்துப் பழகிய கைகளும் இருந்தமையால் நான்கு நாள் சாப்பாட்டிற்குத் தட்டுப்பாடு வரவில்லை. முதல் நாளே எங்கள் போதகரான ஐயரவர்கள், இங்கே கைப்பிரதி கொடுக்கக் கூடாது, யார் எந்தத் தெரு என்று கேட்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். எல்லோரும் ஒரே பந்தியில் அமர்வதை எங்கள் சபையாரிலேயே சிலர் விரும்பவில்லை என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

நீர் வடிந்தபின் வீடு சந்திக்கச் சென்றபோது எதிர்த்தெருப் பாட்டி ஒருவர், “முப்பது வருசமா ஒங்க கோயில் மணிச்சத்தம் கேக்கேன், உள்ள வந்தது இப்பதான்” என்றார். அவர் இன்றும் அம்மன் கோயிலுக்குத்தான் போகிறார். அசனத்திற்கு மட்டும் தவறாமல் புளி கொடுத்தனுப்புகிறார். ஒன்றரை ஆண்டு உபதேச வகுப்பில் இருந்து ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஓர் இளம் தம்பதியர் மட்டுமே. ஆனால் நெடுங்காலமாக ஆலயத்தை எட்டிப் பார்க்காதிருந்த எங்கள் சபையின் சொந்தக் குடும்பங்கள் ஏழு திரும்பி வந்தன. அவர்களை அத்தனை ஆண்டுகள் நாங்கள் சந்திக்கவே போகவில்லை.

இதைப் படித்த திருப்பூர் சபை உறுப்பினர் ஒருவரின் மறுமொழி:

எங்களிடம் வந்தவர்கள் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்கள். அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று நாங்கள் ஆயத்தமானபோது, தாங்கள் பாட்டன் காலத்திலிருந்தே கிறிஸ்தவர்கள் என்றும் இந்தியில் ஆராதனை உண்டா என்றும் அவர்கள் கேட்டது எங்களை வெட்கப்படச் செய்தது. ஷிப்ட் முடிந்து வருவதற்கு வசதியாக ஞாயிறு மாலையில் தொடங்கினோம். ‘மாந்தர்’ என்னும் மேளத்துடன் தங்கள் ஊர்ப்பக்கச் சாத்ரி மொழியில் அவர்கள் பாடும்போது, தமிழ் ஆராதனை முடிந்து போனவர்களில் சிலர் திரும்பி வந்து பின்வரிசையில் உட்காருகிறார்கள்.

ஓய்வுபெற்ற உபதேசியார் (சபையில் போதிக்கும் ஊழியர்) ஒருவரின் மறுமொழி:

1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவரும், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவருமான வே. ச. அசரியா, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, “சுவிசேஷத்தை அறிவியாவிட்டால் எனக்கு ஐயோ” என்று சொல்லச் செய்தார். நானும் ஒருமுறை அவ்வாறு சொல்ல வைத்தேன். செங்கல் சூளையில் வேலை செய்த அந்தப் பெண், எழுதப் படிக்கத் தெரியாத தான் எப்படி அறிவிப்பது என்று கேட்டார். நான் பதிலை யோசித்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு வாரம் ஓடிவிட்டது. அடுத்த ஞாயிறு அவர் தம் நாத்தனாரைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.