தோல் அட்டை போடும்போது மூலை கிழிகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். புத்தகத்தைக் கையால் தைத்துத் தோல் அட்டை போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். தையல் கைக்கு வந்துவிட்டது. தோலைச் சீவுவதுதான் படுத்துகிறது.

எடுத்திருப்பது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட ஆட்டுத்தோல், கனம் 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அட்டைக்குள் மடியும் ஓரத்தைப் பாதிக் கனத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். நேர் ஓரங்களில் சரியாக வருகிறது. மூலைக்கு வந்ததும் கத்தி திடீரென்று உள்ளே இறங்கி, நகம் அளவுக்கு ஓட்டை. நேற்று மூன்றாவது துண்டும் போச்சு! இத்தனைக்கும் கண்ணாடி மேல் வைத்துத்தான் சீவுகிறேன், கத்தியையும் அடிக்கடி தீட்டுகிறேன்.

இன்னொன்று. உள்பக்கம் மைதாப் பசை தடவி 10 நிமிடம் ஊறவிட்டால் தோல் நன்றாக வளைகிறது. ஆனால் காய்ந்ததும் சுருங்கி, அட்டையை வெளிப்பக்கமாக இழுத்துவிடுகிறது. எதிர் இழுவைக்காக உள்ளே காகிதம் ஒட்டியும் பார்த்தேன், பாதிதான் நிமிர்ந்தது.

மூலையில் கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிக்கிறீர்கள்? ஒட்டும்போது தோலை இழுக்காமல் விடுவதுதான் சரியா? செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி. ‘மெஷினில் சீவிக்கொள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது என்னிடம் இல்லை.