ஆறே முக்கால் அடி பெட் கொண்ட எஃப்-350: ஃபிஃப்த் வீல் ஹிட்ச் எதைப் பொருத்துவது?

கேள்வி: ஆஸ்டின்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் வசிக்கிறோம். கோடை விடுமுறையில் குடும்பத்துடன் கொலராடோ மலைப்பகுதிக்குச் சென்று தங்குவதற்காக, மொத்த எடை வரம்பு 14,000 பவுண்டு உள்ள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (மூக்குப் பகுதி பிக்கப்பின் பின்பகுதிக்கு மேல் நீண்டு, அங்கேயே மாட்டப்படும் இழுவை வீடு) ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதை இழுக்க, விற்பனையகத்தில் நிற்கும் புதிய ஃபோர்டு எஃப்-350 டீசல் பிக்கப் ஒன்றைப் பார்த்து வந்தோம். பின் அச்சில் ஒற்றைச் சக்கரங்கள். பெட்டின் (பின்புறச் சரக்குத் தொட்டியின்) நீளம் ஆறே முக்கால் அடி. டிரெய்லரை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சைப் பொருத்துவதற்கான துளைகள் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருக்கின்றன. ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் பேலோட் (வண்டியின் மேல் ஏற்றக்கூடிய மொத்த எடை) 3,700 பவுண்டு என்று உள்ளது. டிரெய்லர் விளம்பர ஏட்டில் கிங்பின் எடை (ஹிட்ச்சில் பூட்டிக்கொள்ளும் டிரெய்லரின் முளை வழியாகப் பிக்கப் மீது இறங்கும் எடை) 2,200 பவுண்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

நிலையான ஹிட்ச் போதுமா, பின்னோக்கி நகரும் ஸ்லைடர் வேண்டுமா? கூஸ்நெக் பந்தில் (பெட்டின் தரையில் பொருத்தப்படும் உருண்டை இணைப்பில்) மாட்டிக்கொள்ளும் அடாப்டர் ஒன்றை வாங்கினால் செலவு மிச்சமாகும் என்று ஒருவர் சொன்னார். அது சரியான வழியா?

மறுமொழி 1: எடைமேடை

ஹிட்ச் எது என்று பார்ப்பதற்கு முன், அந்த 2,200 பவுண்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது தண்ணீர், பாத்திரம் பண்டம், துணிமணி எதுவும் ஏறாத வெற்று டிரெய்லரின் கிங்பின் எடை. ஃபிஃப்த் வீல் டிரெய்லர்களில் பெரிய சாமான் அறை பெரும்பாலும் மூக்குப் பகுதியின் கீழே இருப்பதால், நீங்கள் ஏற்றுவதில் கணிசமான பங்கு நேராகக் கிங்பின் மீதுதான் இறங்கும். நிறைந்த டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை பிக்கப்பின் மேல் அமரும் என்பது பொதுவான கணக்கு. 22 விழுக்காடு என்று வைத்தால் 3,080 பவுண்டு. நால்வர் பயணம் செய்தால் ஏறத்தாழ 550, நிலையான ஹிட்ச் ஒன்றுக்கு 150 என்று சேர்த்துப் பாருங்கள்: 3,780 வந்துவிடுகிறது. ஸ்டிக்கர் அனுமதிப்பது 3,700.

இழுவைத் திறன் எவ்வளவு என்று விற்பனையாளர் சொல்லும் பெரிய எண்ணை மட்டும் நம்பிப் பலர் வண்டி எடுத்துவிடுகிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஃபிஃப்த் வீலைப் பொறுத்தவரை, இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடும். ஒரே மாடலில் கூட வசதிகளைப் பொறுத்து அந்த எண் மாறும். ஆகவே வாங்கப்போகும் அதே வண்டியின் ஸ்டிக்கரைத்தான் படிக்க வேண்டும்.

மறுமொழி 2: கொலராடோ பயணி

எடையை அவர் சொல்லிவிட்டார். இட அளவு பற்றி நான் சொல்கிறேன். டிரெய்லரின் கிங்பின் மையத்திலிருந்து மூக்கின் வெளி மூலை வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு பிக்கப்பில் ஹிட்ச் மையம் அமையும் இடத்திலிருந்து கேபின் பின்கண்ணாடி வரை அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது அளவு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், எவ்வளவு ஒடித்துத் திருப்பினாலும் மூக்கு கேபினில் இடிக்காது. சிறிதாக இருந்தால், முகாமில் பின்னோக்கி நிறுத்தும்போது கண்ணாடி உடையும் வாய்ப்பு உண்டு. மூக்கின் இரு ஓரங்களும் வெட்டி வளைக்கப்பட்ட டிரெய்லர்களில் இந்தத் தொல்லை குறைவுதான். ஆனால் விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

உயரத்தையும் பாருங்கள். டிரெய்லர் மட்டமாக நிற்கும் நிலையில், பெட்டின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையே ஆறு அங்குல அளவிலாவது இடைவெளி வேண்டும். இன்றைய பிக்கப்கள் மிக உயரமானவை என்பதால் இதை மறந்துவிடக் கூடாது.

ஆஸ்டின்வாசி

மிக்க நன்றி. இன்று மாலை டேப்புடன் சென்று இரண்டையும் அளந்தோம். மூலை வரையிலான தூரம், கேபின் வரையிலான தூரத்தைவிடப் பல அங்குலம் அதிகமாகவே இருக்கிறது. அப்படியானால் ஸ்லைடர்தான் ஒரே வழியா?

மறுமொழி 3: எடைமேடை

ஸ்லைடர் இடப் பிரச்சினையைத் தீர்க்கும், எடைப் பிரச்சினையைக் கூட்டும். கையால் நகர்த்துவதானாலும் திருப்பத்தில் தானே பின்னோக்கிச் செல்வதானாலும், இந்த அளவு டிரெய்லருக்கான ஸ்லைடர்களின் எடை பெரும்பாலும் 200 பவுண்டைத் தாண்டும். தானே நகரும் வகைக்கு, கிங்பின் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் தகடு ஒன்றையும் டிரெய்லரில் பொருத்த வேண்டும். ஆண்டர்சன் நிறுவனத்தின் அலுமினிய ஹிட்ச் மிக இலேசானது, ஒருவரே தூக்கி வைத்துவிடலாம். ஆனால் அது உங்களுக்குத் தேவையான இடத்தைத் தராது.

என் கருத்து இதுதான்: வண்டியை இன்னும் வாங்கவில்லை என்பதால், பின் அச்சில் இரட்டைச் சக்கரம் கொண்ட எஃப்-350 வண்டியை எட்டடி பெட்டுடன் கேளுங்கள். பேலோட் கூடும், கேபினுக்கான இடைவெளியும் கூடும், ஸ்லைடரே தேவைப்படாது. அகலமான வண்டி வேண்டாம் என்று வீட்டில் தோன்றினால், டிரெய்லரைச் சிறிதாக்குங்கள். இந்த இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு ஹிட்ச்சை மட்டும் மாற்றிச் சமாளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுமொழி 4: கொலராடோ பயணி

எட்டடி பெட் என்று முடிவானால், தொழிற்சாலைத் துளைகளில் நேராக இறங்கும் நிலையான ஹிட்ச்சை எடுங்கள். பி அண்ட் டபிள்யூ கம்பானியன் அந்த வகையில் பலரும் நம்பிப் பயன்படுத்துவது. பெட்டில் துளையிட்டுத் தண்டவாளம் பதிக்கும் பழைய முறை உங்களுக்குத் தேவையில்லை. கூஸ்நெக் அடாப்டரைப் பொறுத்தவரை, அது இழுவிசை தாக்கும் இடத்தைக் கீழே இறக்கி நெம்புகோலை நீளமாக்குவதால் டிரெய்லர் சட்டத்தின் மீது விழும் திருகு விசை அதிகரிக்கிறது. சட்டத்தைத் தயாரித்தவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் மாட்ட வேண்டாம், உத்தரவாதம் போய்விடக்கூடும்.

மாட்டும்போது ஹிட்ச்சின் தட்டு, டிரெய்லர் தட்டைவிடச் சற்றே உயரமாக இருந்து, பிக்கப் பின்னோக்கி வரும்போது டிரெய்லரை இலேசாகத் தூக்க வேண்டும். டிரெய்லர் அதிக உயரத்தில் நின்றால், கிங்பின்னின் கழுத்துக்குப் பதிலாக அதன் அடிவிளிம்பு மட்டும் ஹிட்ச்சின் பூட்டும் தாடையில் சிக்கும். பூட்டியதுபோலத் தோன்றினாலும் வண்டி நகர்ந்ததும் டிரெய்லர் பெட்டின் சுவர் மீது விழும். எனவே டார்ச் அடித்து, தாடை கழுத்தைச் சுற்றி மூடியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். டிரெய்லரைத் தாங்கும் முன்கால்கள் தரையில் இருக்கும்போதே, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெல்ல முன்னே இழுத்துச் சோதியுங்கள்.

முதல் பயணத்தின்போது, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் டிரெய்லருடன் ஒருமுறையும், அதே ஆட்கள், அதே எரிபொருளுடன் பிக்கப்பை மட்டும் ஒருமுறையும் நிறுத்துங்கள். டிரெய்லருடன் நிற்கும்போது பிக்கப்பின் இரு அச்சுகளிலும் சேர்த்து அதிகமாகக் காட்டும் எடைதான் உங்கள் உண்மையான கிங்பின் எடை. பின் அச்சின் எண்ணைத் தனியாகவும் கதவு ஸ்டிக்கருடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.