மூன்று கற்றல் வளக் களஞ்சியங்களுக்கு ஒரே தேடல்: எந்தத் தரநிலை?

மூன்று களஞ்சியங்களை ஒரே தேடல் பெட்டியின் கீழ் கொண்டுவர வேண்டும். எந்தத் தரநிலையில் என்பதில்தான் சிக்கி நிற்கிறோம். முதலாவது டிஸ்பேஸ் 7 என்ற களஞ்சிய மென்பொருளில் இயங்குகிறது. வளங்களைப் பற்றிய விவரங்கள் டப்ளின் கோர் என்ற பொது விவரிப்புத் தரநிலையில். இரண்டாவதில் 2002ஆம் ஆண்டின் ஐஇஇஇ எல்ஓஎம்; கற்றல் வளங்களை விவரிப்பதற்கென்றே உள்ள தரநிலை. மூன்றாவது யாரோ பிஎச்பியில் எழுதிவைத்துவிட்டுப் போனது. ஆவணம் என்று எதுவும் கிடையாது. அடுத்த பருவம் தொடங்குமுன் முடிவெடுத்தாக வேண்டும்.

முதலில் எஸ்ஆர்யூ என்ற தேடல் நெறிமுறை வழியாக மூன்றுக்கும் நேரடியாக வினா அனுப்பினோம். மூன்றாவது களஞ்சியம் ஆடி அசைந்து பதில் தரும்வரை மொத்தப் பக்கமும் காத்துக் கிடந்தது. எஸ்க்யூஐ என்ற இன்னொரு தேடல் இடைமுகத்தையும் பார்த்தோம்; எந்த வினா மொழி என்பதை அது நம்மிடமே விட்டுவிடுகிறது, அதனால் கைவிட்டோம்.

இப்போது ஓஏஐ-பிஎம்எச் 2.0 என்ற நெறிமுறை மூலம் விவரங்களை அறுவடை செய்து (முன்கூட்டியே திரட்டி) ஒரே இடத்தில் அட்டவணைப்படுத்துகிறோம். வேகத்தில் குறையில்லை. ஆனால் அந்த நெறிமுறை கட்டாயமாகக் கேட்பது எளிய டப்ளின் கோர் மட்டுமே. எல்ஓஎம்மில் அழகாகப் பிரித்து வைத்திருந்த வயது வரம்பும் கடினநிலையும் அதன் 15 கூறுகளுக்குள் கரைந்துவிட்டன. ‘எட்டாம் வகுப்பு பின்னங்கள்’ என்று தேடினால் பல்கலைக்கழக விரிவுரை முதலில் வந்து நிற்கிறது! மூன்றாவது களஞ்சியம் நீக்கிய பதிவுகளை அறிவிப்பதில்லை என்பதால் செத்த இணைப்புகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. அதை நாங்களே சமாளித்துக்கொள்வோம்.

இதே அறுவடையில் எல்ஓஎம்மைத் தனி வடிவமாகச் சேர்த்து அனுப்புவது நல்லதா, அல்லது மூன்றையும் எல்ஆர்எம்ஐ என்ற, வலையில் கற்றல் வளங்களை விவரிக்கும் தரநிலைக்கு மாற்றிவிடுவது நல்லதா?