பொருந்துவது வேறு, இணங்குவது வேறு: ரேமுக்கு ஒரு கலைச்சொல்

> 'மெமரி கம்பாட்டிபிலிட்டி' என்பதற்கு 'நினைவகப் பொருத்தம்' போதுமே. புதிதாக இன்னொரு சொல் எதற்கு?

வணக்கம்.

போதாது என்றே எனக்குப் படுகிறது. ஒரு ரேம் ஒரு கணினியோடு சேர்ந்து வேலை செய்யுமா என்பதைச் சொல்ல 'நினைவக இணக்கம்' என்ற தனிச் சொல் வேண்டும். 'பொருத்து' என்ற சொல்லுக்கு நாம் ஏற்கெனவே வேறு வேலை கொடுத்திருக்கிறோம். விசிறியைப் பொருத்து, ரேமைப் பொருத்து என்றுதான் எழுதுகிறோம். ஆகவே 'இந்த ரேம் இந்தத் தாய்ப்பலகையில் பொருந்தும்' என்று எழுதினால், செருகுவாயில் போய் உட்காரும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். குறைந்த செலவில் கணினி சேர்ப்பவர் பணத்தை விடுவது அந்த இடத்தில்தான்.

டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரு தலைமுறை ரேம்களைக் குழப்பிக்கொள்வது பெரிய ஆபத்தில்லை. இரண்டிலும் 288 தொடுமுனைகள், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு சற்றே தள்ளி இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. தவறு என்று கையே சொல்லிவிடும்.

சர்வரிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரெஜிஸ்டர்டு ரேம் கதை வேறு. பழைய சரக்கு என்பதால் மலிவாகக் கிடைப்பதுண்டு. அதே 288 தொடுமுனை, வெட்டும் அதே இடத்தில். அழுத்தினால் இறங்கும், கொக்கியும் 'டிக்' என்று மூடிக்கொள்ளும். மின்சாரம் கொடுத்தால் விசிறி சுற்றும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. அந்த ரேமில் கட்டளையும் முகவரியும் நடுவே ஒரு பதிவகச் சில்லு வழியாகப் போகின்றன. சாதாரண மேசைக்கணினி அதற்கு ஏற்றபடி அமைந்ததில்லை. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'ரேம் பொருந்தியது, ஆனால் இணங்கவில்லை.' இந்த வாக்கியம் எழுத இரண்டு சொற்கள் வேண்டும். அதனால்தான் 'நினைவக இணக்கம்' என்கிறேன். செருகுவாயில் உட்காருவதற்குப் 'பொருத்தம்' அப்படியே இருக்கட்டும்.

'ஒத்திசைவு' என்றும் ஒரு யோசனை வந்தது. அழகான சொல்தான். ஆனால் இன்றைய ரேம்களின் வகைப்பெயரான எஸ்டிரேம் என்பதில் வரும் 'எஸ்' குறிப்பதே கடிகாரத் துடிப்போடு ஒத்திசைந்து இயங்குவதை. இதே துறையில் இடம்பிடித்துவிட்ட சொல்லுக்கு இரண்டாவது பொருள் கொடுக்க வேண்டாம். 'ஒவ்வுமை' என்றால் எதிர்ச்சொல் 'ஒவ்வாமை' ஆகி மருத்துவத்துக்குப் போய்விடும். 'இணக்கமின்மை'யில் அந்தத் தொல்லை இல்லை.

> 3600 வேக ரேம் 3200-இல் ஓடினால் அதுவும் இணக்கமின்மையா?

இல்லை. இன்டெலின் எச்610 சில்லுத்தொகுதி கொண்ட மலிவு விலைத் தாய்ப்பலகைகள் நினைவகத்தைச் செயலிக்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட விடுவதில்லை. 12ஆம் தலைமுறைச் செயலியோடு டிடிஆர்4 என்றால் அந்த வரம்பு 3200. ரேம் ஒழுங்காக வேலை செய்யும், கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த காசுதான் வீண். இதற்கெல்லாம் கலைச்சொல் தேவையில்லை. 'வேகம் குறைந்து ஓடும்' என்றால் யாருக்கும் புரியும்.

அப்புறம் க்யூவிஎல், அதாவது தாய்ப்பலகை தயாரிப்பாளர் வெளியிடும் ரேம் பட்டியல். இதை 'அங்கீகரிக்கப்பட்ட பட்டியல்' என்று எழுதுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். பட்டியலில் இல்லாத ரேம் வேலை செய்யாது என்ற பயத்தை அந்தச் சொல் கிளப்பிவிடுகிறது. உண்மையில் அது பலகை தயாரிப்பாளர் தாமே மாட்டிச் சோதித்தவற்றின் பட்டியல், அவ்வளவே. இல்லாதவை பெரும்பாலும் சோதிக்கப்படாதவை. எனவே 'சோதித்த நினைவகப் பட்டியல்'. அதில் நிறுவனப் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, மாடல் எண் முழுவதும் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

ரேமைக் குறித்த வேகத்தில் ஓட்ட அதிலேயே பதிந்து வரும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டுக்கும் பொதுவாக 'வேகக்குறிப்பு' என்று ஒருவர் கேட்டிருந்தார். ரேமில் உள்ள சிறு சில்லில் தயாரிப்பாளர் எழுதிவைப்பது வேகம் மட்டுமல்ல, மின்னழுத்தமும் தாமத அளவுகளும் சேர்த்துத்தான். ஆகவே எனக்கு 'அமைவுக்குறிப்பு' சரியாகத் தோன்றுகிறது. இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.