‘சரி அப்ப’ என்ற பிறகும் கதை முடிவதில்லையே, ஏன்?

மூன்றாம்மாடி எழுதியது:

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறேன். காலையில் வேலைக்குப் புறப்பட்டு லிஃப்ட் அடிக்கு வந்தால், கட்டடத்து அன்ரிமாரில் ஒருவராவது ‘என்ன தம்பி, வேலைக்கோ?’ என்று கேட்காமல் விடமாட்டார். தோளில் பையும் கழுத்தில் அலுவலக அட்டையுமாக நிற்பவனைப் பார்த்துக் கேட்கும் அந்தக் கேள்வியால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ‘ஓம் அன்ரி’ என்றால் அது முடிந்துவிடும். தொல்லை விடைபெறும் இடத்தில்தான் தொடங்குகிறது. நான் ‘சரி அப்ப’ என்பேன், அவரும் ‘சரி அப்ப’ என்பார், ஓரடி எடுத்து வைப்பதற்குள் ‘அது சரி, அம்மாக்கு முழங்கால் இப்ப எப்பிடி?’ என்று புதிதாக ஒன்று கிளம்பிவிடும். வீட்டுக்கு வருகிறவர்களும் கதிரையை விட்டு எழுந்த பிறகு ஒரு சுற்று, கதவடியில் ஒரு சுற்று, சப்பாத்தைக் கொழுவிய பிறகு படிக்கட்டில் இன்னொரு சுற்று என்று கதைத்துவிட்டுத்தான் போகிறார்கள். லண்டனில் இருக்கும் பெரியம்மா ‘வைக்கட்டே?’ என்று கேட்பார், ‘ஓம், வையுங்கோ’ என்று நானும் சொல்வேன், ஆனால் வைக்கமாட்டார்.

இது நம்மவர்களுக்கே உரிய பழக்கமா, அல்லது எங்கும் இப்படித்தானா? மனம் நோகாமல் ஒரு கதையை முடிப்பதற்கு உங்களில் யாரிடமாவது வழி உண்டா?

நூலகப்பக்கம் எழுதியது:

எங்கும் உள்ளதுதான், அதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர்களான எமானுவேல் ஷெக்லோஃப், ஹார்வி சாக்ஸ் ஆகிய இருவரும் உரையாடல்களை ஒலிப்பதிவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி ஆராய்ந்தவர்கள். பேச்சு எப்படி முடிக்கப்படுகிறது என்பதைப் பற்றியே 1973 இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட சிக்கல் இதுதான்: ஒருவர் பேசி நிறுத்தினால் அடுத்தவர் பேச வேண்டும் என்ற முறை நடந்துகொண்டிருக்கும்வரை, யாராவது வாய் மூடினால் கதை முடிந்தது என்று மற்றவர் எடுத்துக்கொள்ளமாட்டார், ஏன் பேசாமல் இருக்கிறார், கோபமோ என்றுதான் யோசிப்பார். ஆகவே அந்த முறையை இருவரும் சேர்ந்தே நிறுத்தியாக வேண்டும். அதற்காக ஒருவர் தம்முடைய முறை வரும்போது புதிதாக எதுவும் சொல்லாமல் வெறும் ‘சரி’ ஒன்றை வைக்கிறார். என்னிடம் இனி ஒன்றும் இல்லை, உங்களிடம் ஏதும் மிச்சம் உண்டா என்று கேட்பது போன்றது அது. மற்றவரும் வெறும் ‘சரி’யையே திருப்பித் தந்தால் விடைபெறலாம்; மிச்சம் ஏதும் நினைவுக்கு வந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடமும் அதுவே. முழங்காலைப் பற்றி விசாரித்த அன்ரி முறை தவறவில்லை.

பல சந்திப்புகளின் உண்மையான காரணம் அந்த மிச்சத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். எங்கள் கட்டடத்தில் ஒருவர் ஒரு மாலையில் வந்து, தண்ணீர்த் தாங்கி கழுவுவதைப் பற்றியும் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றியும் தேநீர் ஆறும்வரை கதைத்தார். ‘சரி அப்ப, வாறன்’ என்று எழுந்து, ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதைக் காலால் துழாவியபடியே ‘உங்கட தங்கச்சிக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ? எனக்குத் தெரிஞ்ச ஒரு இடம் இருக்கு’ என்றார். கதிரையில் இருந்தபடி கேட்டிருந்தால் அது சம்பந்தம் பேசுவதாகிவிடும், மறுப்பதும் சங்கடம்; செருப்பு மாட்டும்போது கேட்டால், பதில் வராவிட்டாலும் கேட்டவர் ஒன்றும் நடவாததுபோலப் படியிறங்கிப் போகலாம். கைமாற்றுக் கேட்க வருகிறவர்களுக்கும் இந்த நேரந்தான் தோது.

ஓய்வூதியக்காரி எழுதியது:

காரணத்தை நூலகப்பக்கம் சொல்லிவிட்டார். தம்பி கேட்டது வழியையும் அல்லவா? பம்பலப்பிட்டியில் ஆயுள் முழுவதும் ஆசிரியையாக இருந்து, பெற்றோரைப் பாடசாலை வாசலிலிருந்து அனுப்பி வைத்த பழக்கத்தில் சொல்கிறேன். ‘நான் போக வேணும்’ என்றால் உங்களுடைய அவசரம் முன்னுக்கு வந்து நிற்கிறது. ‘உங்களை நல்லா மினக்கெடுத்திப்போட்டன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய நேரத்துக்கு நீங்கள் மதிப்புக் கொடுத்ததாகிவிடும், அவரும் ‘சேச்சே, அப்பிடியொண்டுமில்லை’ என்று சொல்லியபடியே நகரத் தொடங்குவார்.

இதைவிடக் கெட்டித்தனமான வழி, முடிவுக்கு வேண்டியதைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வது. தொலைபேசியை எடுத்தவுடன் ‘சமைச்சுக்கொண்டிருந்தனீங்களோ?’ என்று கேட்டு வைத்தவர், வேண்டியபோது ‘சரி, நீங்கள் அடுப்பைப் பாருங்கோ’ என்று கௌரவமாக முடிக்கலாம். நீங்களும் ‘வேலைக்கோ?’ என்ற கேள்விக்கு வெறும் ‘ஓம்’ சொல்லாமல், ‘ஓம் அன்ரி, இண்டைக்கு எட்டரைக்குக் கூட்டம்’ என்று சொல்லுங்கள். ‘அப்ப ஓடுங்கோ, பிந்தப்போகுது’ என்று அவரே உங்களைத் துரத்திவிடுவார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் விடயம் வேறு. அங்கே சுணக்கம் வீட்டுக்காரரின் கடமையிலும் சேர்த்தி. விருந்தினர் முதல் தடவை ‘வாறம்’ என்று சொன்னதுமே ‘சரி, போட்டு வாங்கோ’ என்று எழுந்துவிடும் வீட்டைப் பற்றி, அவர்கள் காலி வீதிக்கு ஏறுவதற்குள் கதை பிறந்துவிடும். எனவே ‘இருங்கோவன், என்ன அவசரம்?’ என்று ஒருமுறை முழு மனதோடும், இரண்டாம் முறை அரை மனதோடும் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சொல்லக்கூடாது. சொன்னதை நம்பி எழுந்தவர் திரும்பவும் இருந்துவிட்ட வீடுகளில் வீட்டுக்காரியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியது:

எல்லோரும் இதற்கு மாலை போடுவதால் நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அடம் மஸ்ட்ரோயானி என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2021 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நெருங்கியவர்களோடு நடந்த பேச்சுகளைப் பற்றிப் பலரிடம் கேட்டும், முன்பின் அறியாதவர்களை ஆய்வுகூடத்தில் சந்திக்க வைத்தும் பார்த்தார்கள். இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த பேச்சுகள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டுதான். முன்னரே முடிந்திருக்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு, இன்னும் நீண்டிருக்கலாம் என்று ஏங்கியவர்களும் உண்டு. மற்றவருக்கு என்ன விருப்பம் என்பதை இருவருமே தவறாகத்தான் ஊகித்திருந்தார்கள். உள்ளதை மறைத்துப் பேசுவதுதான் மரியாதை என்று இரண்டு பேரும் இருந்தால் பிறகு எப்படித் தெரியும்?

எங்கள் கட்டடத்தில் ஒருவர் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு விடைபெறுவார். கதவு மூட வரும், காலில் இடித்துத் திரும்பும், கதை நடக்கும். ஏழாம் மாடியில் ஒரு கர்ப்பிணிப்பெண் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்பார். ‘இருங்கோவன்’ எல்லாம் அந்தப் பெண்ணின் செலவில்தான் நடக்கிறது. வீதியில் நின்று கதைப்பது எனக்குப் பிரச்சினையில்லை, ஏனெனில் அங்கே பஸ் வந்து காப்பாற்றும். ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கையசைத்தால் எவரும் குறை பிடிப்பதில்லை.

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கூட்டத்தைச் சொல்லித் தப்பும் வழி அன்ரிமாரிடம் நன்றாகவே எடுபடுகிறது. கூட்டம் எப்படி நடந்தது என்று மாலையில் விசாரிக்கிறார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரியம்மாவுக்குத்தான் ஒரு வழியும் தெரியவில்லை. அங்கே பஸ்ஸும் இல்லை, அடுப்பும் எப்போதோ அணைந்துவிடுகிறது.

நூலகப்பக்கம் எழுதியது:

வெளிநாட்டு அழைப்புக்கு முன்பு பஸ்ஸும் இருந்தது. காசு கொடுத்து அழைப்பெடுக்கும் கொமியூனிகேஷன் கடைக் கூண்டுக்குள் நின்று கதைத்த காலத்தில் கண்ணெதிரே மீற்றர் ஓடியது. அங்கிருந்து அழைப்பவர்கள் வாங்கிய தொலைபேசி அட்டையில் காசு முடியும் தறுவாயில் ஒரு பெண் குரல் இடையே புகுந்து எச்சரித்தது. எவரும் எவரையும் நோகடிக்காமல் கதை அறுந்துபோனது. வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் அந்தக் குரல் இல்லாததால், முடிக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுந்துவிட்டது.

இணைய இணைப்பின் தாமதமும் ஒரு காரணம். தமிழ் சேராத பத்து மொழிகளை வைத்து 2009 இல் வெளியான ஆய்வு ஒன்றில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையேயான இடைவெளி சராசரியாக ஒரு வினாடியின் ஐந்திலொரு பங்குதான் என்று கண்டார்கள். லண்டனுக்குப் போய்வரும் ‘சரி’ அதைவிடச் சுணங்கினால், பெரியம்மாவின் காதுக்கு அது தயக்கமாகப் படும்; பிள்ளை இன்னும் ஏதோ சொல்லப் பார்க்கிறது என்று நினைத்துத் திரும்பத் தொடங்குவார். ஆகவே ‘வைக்கட்டே?’ என்று அவர் கேட்கும்வரை காத்திராதீர்கள். ‘வாற ஞாயிறு பின்னேரம் எடுக்கிறன் பெரியம்மா, மிச்சத்தை அப்ப கதைப்பம்’ என்று நாளையும் நேரத்தையும் நீங்களே முந்திச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பைப் பொருந்திக்கொள்வது, ஷெக்லோஃபும் சாக்ஸும் விடைபெறுதலின் முன்படிகளில் ஒன்றாகவே குறித்த விடயம். ஞாயிறு கட்டாயம் எடுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த அழைப்பு இன்னும் நீளும்.