புதுப்பிப்பு: மகளுக்கு வடிவியல், கடைசியில் எதை எடுத்தோம்

டெக்சஸில் வீட்டிலேயே பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வடிவியலுக்குக் காணொளிப் பாடமா, நிரூபணம் நிறைந்த புத்தகமா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் காணொளிப் பாடத்தைத்தான் வாங்கினோம். ஆறு வாரம். மதிப்பெண் எப்போதும் 90க்கு மேல். ஒருநாள், "இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் ஏன் சமம்?" என்று கேட்டேன். "அது தேற்றம்மா" என்றாள். விடையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தது, காரணம் சொல்லத் தெரியவில்லை. அன்றே நிறுத்திவிட்டோம். இங்கே பாடத்திட்டத்துக்கு யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்பதால் நடுவில் மாற்றுவது சுலபம்.

இப்போது ஹரால்ட் ஜேக்கப்ஸின் வடிவியல் புத்தகம், கூடவே கணினியில் வடிவங்களை வரைந்து பார்க்க ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள். போன வாரம் அதே கேள்விக்கு அவளாகவே டிரேசிங் பேப்பரில் முக்கோணத்தை வரைந்து, வெட்டி, திருப்பிப் போட்டாள். அச்சாகப் பொருந்தியது. "முக்கோணம் தனக்கே சர்வசமம்மா!" பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் துணைக்கோடுகள் இழுத்து நீளமாக நிறுவியதை, அவருக்குப் பின் வந்த பாப்பஸும் இப்படித்தான் சுருக்கமாக நிறுவினார் என்று சொன்னேன். அந்த வெட்டிய தாளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு பற்றிக் கேட்டவர்களுக்கு: கணிதப் பகுதியில் வடிவியலும் முக்கோணவியலும் சேர்ந்தே சுமார் 15 சதவீதம்தான். அதற்குக் கடைசி இரண்டு மாதப் பயிற்சி போதும் என்று நினைக்கிறேன்.

வேகம் குறைவுதான், வாரத்துக்கு மூன்று பாடம். அப்புறம், வட்டங்கள் வரும்போது நல்ல காம்பஸ் ஒன்று வாங்க வேண்டும். ஆணி தளராத வகை தெரிந்தால் சொல்லுங்கள்.