பிஎஸ்ட்ரீ காட்டும் மரத்தில் ஒரு செயன்முறையைத் தொடக்கியவர் யார் என்று அறிவது எப்படி?

கேள்வி: புறக்கோட்டை_பில்

வணக்கம். கொழும்பு புறக்கோட்டையில் உள்ள ஒரு மொத்த விற்பனை நிலையத்தின் பில் முறைமையை நான் பராமரிக்கிறேன். சேவையகத்தில் உபுண்டு இயங்குகிறது. பைதனில் எழுதிய ஒரு செய்நிரல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்து, ஒவ்வொரு பில்லுக்கும் பிடிஎஃப் மாற்றி ஒன்றைத் தனிச் செயன்முறையாக (தனியே ஓடும் நிரலாக) தொடக்கி, கிடைக்கும் கோப்பை அச்சுக்கு அனுப்புகிறது. அண்மைக் காலமாக ஓடுபவற்றைப் பட்டியலிடும் டொப் கட்டளையின் மேல்வரியில் சொம்பிகளின் (முடிந்தும் பட்டியலில் எஞ்சி நிற்கும் செயன்முறைகளின்) எண்ணிக்கை மெல்லக் கூடி வருகிறது. கில் கட்டளையை, கட்டாயமாக நிறுத்தும் 9 ஆம் சமிக்ஞையுடன் கொடுத்தாலும் அவை போவதில்லை.

எது எதைத் தொடக்கியது என்று பார்ப்பதற்காக, செயன்முறைகளை மர வடிவில் காட்டும் பிஎஸ்ட்ரீ கட்டளையை ஓடவிட்டேன். இரண்டு இடங்கள் விளங்கவில்லை. பைதன்3 என்ற பெயரிலிருந்து பிரியும் கிளையில் 14, நட்சத்திரக் குறி, சதுர அடைப்புக்குள் மாற்றியின் பெயர் என்று வருகிறது. அடுத்த கிளையில் பைதன்3 என்ற பெயரே நெளி அடைப்புக்குள் மீண்டும் வருகிறது. மற்றையது, காப்புப் பிரதி எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று எவருடைய கிளையிலும் இல்லாமல் சேவைகளைத் தொடக்கி நடத்தும் 1 ஆம் இலக்கச் செயன்முறையான சிஸ்டம்டியின் கீழ் நேரே நிற்கிறது. அதற்குச் சேவைக் கோப்பு எதுவும் இல்லை. அதைத் தொடக்கியது யார் என்று அறிய வழி உண்டா? மாத இறுதி என்பதால் மறுதொடக்கத்துக்கு முதலாளி சம்மதிக்கமாட்டார்.

பதில்: வெள்ளவத்தை_முனையம்

முதலில் குறியீடுகள். ஒரே மாதிரியான கிளைகளை பிஎஸ்ட்ரீ ஒன்றாக மடித்து, எத்தனை என்பதை முன்னால் எழுதும். ஆகவே அங்கே 14 மாற்றிகள் உள்ளன. நெளி அடைப்புக்குள் இருப்பவை அதே செயன்முறையின் இழைகள், அதாவது அதற்குள்ளேயே இணையாக ஓடும் பகுதிகள். பெரிய எழுத்து டீ தெரிவைக் கொடுத்தால் அவை மறையும். சிறிய பீ தெரிவைக் கொடுத்தால் ஒவ்வொன்றின் இலக்கமும் தெரியும். அப்போது மடிப்பும் தானாக நீங்கிவிடும்.

ஆனால் அந்த 14 இல் எவை உயிருடன் உள்ளன, எவை இறந்தவை என்று பிஎஸ்ட்ரீ சொல்லாது. அதற்கு பிஎஸ் கட்டளையில் இலக்கம், பெற்றோர் இலக்கம், நிலை, கட்டளை ஆகிய நான்கையும் கேளுங்கள். நிலையில் இஸட் என்று வருபவையே சொம்பிகள். அவற்றின் பெற்றோர் இலக்கம் உங்கள் பைதன் செய்நிரலின் இலக்கமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சொம்பி என்பது ஏற்கெனவே முடிந்துபோன செயன்முறை. அதன் நினைவகம் விடுவிக்கப்பட்டுவிட்டது. எப்படி முடிந்தது என்ற குறிப்பைப் பெற்றோர் வந்து வாங்கும் வரைக்கும் இயங்குதளத்தின் மையமான கேர்னலின் அட்டவணையில் ஒரு பதிவு மட்டும் காத்திருக்கிறது. இறந்ததற்குச் சமிக்ஞை அனுப்பிப் பயனில்லை. அந்தக் குறிப்பை வாங்கும் வெயிட் அழைப்பைப் பெற்றோர் செய்ய வேண்டும், அல்லது பெற்றோரே முடிய வேண்டும். பெற்றோர் முடிந்தால் சொம்பிகள் 1 ஆம் இலக்கச் செயன்முறையிடம் போக, அது உடனே அவற்றைத் துடைத்துவிடும். எனவே முழுச் சேவையகத்தையும் மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை, பில் செய்நிரலை மட்டும் நிறுத்தித் தொடக்கினால் போதும். அதுவும் தற்காலிகத் தீர்வுதான். பைதனில் புதிய செயன்முறையைத் தொடக்கும் பொப்பன் மூலம் உருவான பொருள்களை எங்காவது ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, “வெயிட்” அல்லது “போல்” என்ற அழைப்பைச் செய்யாமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பதில்: மருதானை_லினக்ஸ்

காப்புப் பிரதி ஸ்கிரிப்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிஎஸ்ட்ரீ தன் தகவலை கேர்னல் செயன்முறைகளின் விவரங்களைக் காட்டும் புரொக் கோப்பு முறைமையிலிருந்து எடுக்கிறது. அங்கே ஒவ்வொரு செயன்முறைக்கும் இப்போதைய பெற்றோரின் இலக்கம் மட்டுமே உண்டு. உண்மையான பெற்றோர் முடிந்ததும் அநாதையான பிள்ளையைக் கேர்னல் 1 ஆம் இலக்கத்திடம் ஒப்படைத்துவிடும், பழைய பெற்றோரின் பெயர் எங்கும் எஞ்சாது. ஆகவே சிஸ்டம்டியின் கீழ் நிற்பதனாலேயே சிஸ்டம்டிதான் தொடக்கியது என்று கொள்ளக்கூடாது. மூதாதையரைக் காட்டும் சிறிய எஸ் தெரிவும் இதற்கு உதவாது. மேசைக் கணினிகளில் இன்னொரு குழப்பமும் உண்டு: 2012 இல் வெளிவந்த 3.4 ஆம் பதிப்பிலிருந்து ஒரு செயன்முறை தன் சந்ததியின் அநாதைகளைத் தானே ஏற்பதாகக் கேர்னலிடம் பதிவு செய்துகொள்ளலாம்; பயனருக்கான சிஸ்டம்டி அதைச் செய்வதால், அங்கே அநாதைகள் 1 இன் கீழ் அல்லாமல் அதன் கீழ் தோன்றும்.

பெற்றோர் மாறினாலும் சிகுரூப் (செயன்முறைகளைக் கேர்னல் சேர்த்து வைக்கும் குழு) மாறுவதில்லை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று எழுதி, அந்த ஸ்கிரிப்டின் இலக்கத்தைக் கொடுங்கள். குறித்த நேரங்களில் வேலைகளை ஓடவிடும் க்ரொன் சேவையின் பெயர் வந்தால் நேர அட்டவணையிலிருந்து வந்தது. செஷன் என்று தொடங்கி ஸ்கோப் என்று முடியும் பெயர் வந்தால், யாரோ எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைந்து வெளியேறிய பின்னும் ஓடும்படி நோஹப் போட்டு விட்டுச் சென்றிருக்கிறார். பிறகு பிஎஸ் கட்டளையில் எல்ஸ்டார்ட் பத்தியைக் கேட்டுத் தொடங்கிய நேரத்தை எடுத்து, லாஸ்ட் கட்டளை தரும் உள்நுழைவுப் பதிவுடன் ஒப்பிட்டால் ஆளும் அகப்படுவார். எனது கருத்தில், அநாதைகளைத் தேடும்போது மரத்தை விட சிகுரூப்பை முதலில் பார்ப்பதே நல்லது. சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ் அதையும் மர வடிவிலேயே காட்டும்.

மீள்பதில்: புறக்கோட்டை_பில்

இருவருக்கும் நன்றி. 14 உம் இஸட் நிலையில்தான் இருந்தன, பெற்றோர் பைதன் செய்நிரலே. மறு அச்சுக்காக ஒவ்வொரு பொப்பன் பொருளும் ஒரு பட்டியலில் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு பில் முடிவிலும் “போல்” அழைப்பைச் செய்து, முடிந்தவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி மாற்றியிருக்கிறேன். ஸ்கிரிப்ட் ஒரு செஷன் ஸ்கோப்பைச் சேர்ந்தது. அதே கோப்புறைக்கு க்ரொனிலும் ஒரு காப்புப் பிரதி ஓடுகிறது என்பது இதைத் தேடும்போதுதான் தெரிந்தது; இரண்டில் எதை நிறுத்துவது என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.

பதில்: வெள்ளவத்தை_முனையம்

நிறுத்துவதற்கு முன் பிஎஸ்ட்ரீயில் பீ தெரிவுடன் அந்த ஸ்கிரிப்டின் இலக்கத்தைக் கொடுத்து, அதன் கீழ் டார் அல்லது ஆர்சிங்க் போன்ற நகலெடுக்கும் கட்டளை ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்கிரிப்டை மட்டும் கொன்றால் அந்தப் பிள்ளை அநாதையாகித் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும்.